வில்லன் பக்கமும் நியாயம்: நீலகிரியை வைத்து ஒரு ஸ்பேஸ் ஓபரா எழுதலாம் வாங்க

விண்மீன் பேரரசு, கறுப்பு அங்கி வில்லன், கடைசியில் ஒரு பெரிய வெடிப்பு. ஸ்பேஸ் ஓபரா, அதாவது விண்வெளி சாகசக் கதை என்றதும் பலருக்கும் இதுதான் நினைவுக்கு வரும். 1941-இல் அமெரிக்க எழுத்தாளர் வில்சன் டக்கர் இந்தப் பெயரை வைத்ததே கிண்டலாகத்தான். ஆனால் பழைய கதைகளைக் கொஞ்சம் நிதானமாகப் படித்தால், நல்லவனையும் கெட்டவனையும் பிரிக்கும் கோடு பல இடங்களில் கோணலாகத்தான் போகிறது. அந்தக் கோணலைப் பிடித்துக்கொண்டு நம் மலையிலிருந்து ஒரு சிறுகதை எழுதுவோம். இதுவரை கதையே எழுதாதவர்களும் முயலலாம்.

படி 1: வில்லன் மீறாத ஒரு வாக்கு

புதிதாக எழுதுபவர்கள் வில்லனுக்கு உடனே ஒரு சோகமான சிறுவயது பிளாஷ்பேக் வைத்துவிடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். வாசகர் ‘பாவம்’ என்பார், அவ்வளவுதான். ‘இவன் சொல்வதும் சரிதானே’ என்று அவரைத் தடுமாற வைக்க வேண்டும்.

1928-இல் தொடராக வந்த ‘ஸ்கைலார்க் ஆஃப் ஸ்பேஸ்’ கதையில் டுகேன் என்றொரு வில்லன். திருடுவான், கடத்துவான், ஈவிரக்கம் கிடையாது. ஆனால் நடுவெளியில் எல்லோரும் மாட்டிக்கொண்டபோது, பூமி திரும்பும்வரை உங்களில் ஒருவனாக நடப்பேன் என்று சொல்கிறான், சொன்னபடியே நடக்கிறான். நமக்கு இது புதிதா என்ன? அண்ணன் செய்தது தவறு என்று தெரிந்தே போருக்குப் போன கும்பகர்ணனைக் கம்பனில் பார்த்தவர்கள் நாம். அதே வீட்டிலிருந்து வீடணன் எதிர்ப்பக்கம் போனான். இரண்டு பேரில் யார் சரி என்று பட்டிமன்றம் போட்டு இன்னும் தீர்ப்பு வந்தபாடில்லை. உங்கள் வில்லனும் அப்படிப் பட்டிமன்றம் தாங்க வேண்டும். நோட்டில் ஒரே வரி எழுதுங்கள்: ‘இவர் என்ன ஆனாலும் இதைச் செய்ய மாட்டார்.’

படி 2: சண்டையை மலையிலிருந்து எடுங்கள்

இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும். இரண்டு பக்கமும் நியாயம் உள்ள ஒரு உண்மையான தகராறைத் தேடுங்கள். நீலகிரியில் அதற்குப் பஞ்சமே இல்லை.

ஒன்றை எடுத்துக்கொள்வோம். 1964-ஆம் ஆண்டு இந்தியாவும் இலங்கையும் செய்த சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து திரும்பிய மலையகத் தமிழர்களுக்கு வேலை கொடுக்க, 1968-இல் அரசு தேயிலைத் தோட்டங்களைத் தொடங்கியது. நாம் டான்டீ என்கிறோமே, அது. தோட்டம் போட்ட இடம் காடு. யானைக்கு அது வழி. பின்னாளில் நட்டம் வந்ததும், நிலத்தில் ஒரு பகுதியை வனத்துறைக்கே திருப்பிக் கொடுக்கும் முடிவு வந்தது. இதில் கெட்டவர் யார்? பசிக்கு இலை பறித்தவரா, வழி தேடி வந்த யானையா, இருவரையும் அங்கே எதிரெதிராக நிறுத்திய கையெழுத்தா?

இதை அப்படியே ஒரு கோளுக்குத் தூக்குங்கள். கோளுக்குப் பெயர் தேடி மண்டையை உடைக்க வேண்டாம். கொலக்கம்பை, கைகாட்டி, எடக்காடு என்று நம் பஸ் போர்டுகளே போதும். எடக்காடு கோளில் கோள்களின் கூட்டமைப்பு அகதிகளைக் குடியேற்றியது. இரண்டு தலைமுறைக்குப் பிறகு அதே கூட்டமைப்பு, அங்குள்ள விலங்குகளின் வழி அடைபடுகிறது என்று காலி செய்யச் சொல்கிறது. கேப்டன் கதிர் ஆணையோடு வருகிறான். தடுப்பவர் செல்லம்மா.

“அம்மா, ஆர்டர் வந்துடுச்சு. எல்லாரும் கப்பல்ல ஏறுங்க.”

“எங்களை இங்க கொண்டாந்து இறக்கினதும் உங்க கப்பல்தான் தம்பி.”

இந்த இரண்டு வரியில் ‘வில்லி’ ஜெயித்துவிட்டார் என்பதைக் கவனியுங்கள். உடனே கதிருக்கும் ஒரு வலுவான வரி கொடுங்கள். வழி மறிக்கப்பட்டு அழியும் விலங்குகளுக்காக அங்கே பேச அவனை விட்டால் ஆள் இல்லை.

படி 3: ஹீரோவின் கணக்கு

பழைய ஸ்பேஸ் ஓபராவில் நல்லவர்கள் செய்யும் வேலைகளைப் பட்டியல் போட்டால் தலை சுற்றும். 1939-இல் தொடராக வரத் தொடங்கிய ‘கிரே லென்ஸ்மன்’ கதையில், எதிரியின் கோள் ஒன்றை இரண்டு கோள்களுக்கு நடுவே வைத்து நொறுக்குகிறார்கள். அதைச் செய்வது நம் கட்சி! ஆயுதம் பெரிதாகப் பெரிதாக, செத்தவர்களின் முகம் கண்ணுக்குத் தெரியாமல் போகிறது.

நீங்கள் முகத்தைக் காட்டுங்கள். எடக்காட்டின் வயல்களைச் சூடாக வைத்திருப்பது வானில் மிதக்கும் ஒரு கண்ணாடி என்று வைப்போம். கதிர் அதை ஒரே ஒரு இரவு திருப்பிவிடுகிறான். ஒரு தோட்டா சுடவில்லை. உறைபனி விழுந்தால் தேயிலை எப்படிக் கருகும் என்று இங்கே யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. மறுநாள் காலை லயத்துக்குள், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்குள், அவனை நடக்கவிட்டு ஒரு பக்கம் எழுதுங்கள்.

படி 4: இரண்டு பக்கமும் கேட்கும் ஒரு காது

கதையை யார் சொல்வது? என் யோசனை, ஊட்டி முத்தோரையில் வேலை பார்க்கும் ஒருவர். அங்குள்ள ரேடியோ தொலைநோக்கி 1970-இல் கட்டியது. 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். ஊட்டியின் அட்சரேகை சுமார் 11 டிகிரி. அதே சாய்வுள்ள மலைச்சரிவைத் தேடி நிறுவியதால், அது சுழலும் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக நிற்கிறது; ஒரே அச்சில் திருப்பியே வானத்தின் ஒரு புள்ளியை மணிக்கணக்கில் பின்தொடர முடிகிறது. முக்கியமான விஷயம், வானிலிருந்து வரும் ரேடியோ அலைகளை அது கேட்கும், பேசாது. கதிரின் செய்தியும் செல்லம்மாவின் செய்தியும் அதற்கு ஒரே இரைச்சலுக்குள்தான் வந்து சேரும்.

படி 5: கடைசி நிமிடத் திருந்தல், ஜாக்கிரதை

1977 ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தில் ஒரு முழுக் கோள் அழிவதை டார்த் வேடர் அருகில் நின்று பார்க்கிறான். 1983-இல் வந்த தொடர்ச்சிப் படத்தில் அவன் தன் மகனைக் காப்பாற்றியதும் நாம் கண் கலங்குகிறோம். நானும்தான். ஆனால் அந்தக் கோளின் கணக்கு என்ன ஆயிற்று? எனக்கு இதைவிடப் பிடித்தது 1966-இல் ‘ஸ்டார் ட்ரெக்’ தொடரில் வந்த, ரோமுலன் என்ற எதிரி இனத்தின் தளபதி. தன் பேரரசின் போர்வெறி பிடிக்காமலே கடமையைச் செய்கிறான், எதிரியை மதிக்கிறான், பக்கம் மாறாமலே சாகிறான்.

செல்லம்மா திருந்த வேண்டாம், கதிரும் மன்னிப்பு கேட்க வேண்டாம். எழுதி முடித்த பிறகு கதிர் பேசுவதையெல்லாம் மறைத்துவிட்டு ஒருமுறை படியுங்கள், அப்புறம் செல்லம்மா பேசுவதை மறைத்துவிட்டு ஒருமுறை. எந்தத் தடவை கதை சப்பென்று இருக்கிறதோ, அந்தத் தடவை கண்ணில் பட்டவருக்கு இன்னும் இரண்டு வரி நல்ல வாதம் சேருங்கள்.