சமநிலைக் கணக்கு: செறிவையும் டெல்டா ஜி-யையும் குழப்பிக்கொள்ளாமல் போடுவது எப்படி

சமநிலைக் கணக்கில் விடை தப்புவது பெரும்பாலும் இருபடிச் சமன்பாட்டில் இல்லை, அதற்கு முன்பே, எந்தக் கே-யை (சமநிலை மாறிலியை) எடுக்கிறோம், டெல்டா ஜி-யா (இப்போதுள்ள கலவைக்கான கட்டிலா ஆற்றல் மாற்றம்) டெல்டா ஜி நாட்-ஆ (எல்லாம் திட்ட நிலையில் இருக்கும்போதான அதே மாற்றம்) என்று பார்க்காமல் எண்களைப் போட ஆரம்பிக்கும்போதே தப்பிவிடுகிறது. அதனால் ஒரே ஒரு வினையை எடுத்துக்கொண்டு கடைசி வரை அதையே போட்டுப் பார்க்கலாம். டைநைட்ரஜன் டெட்ராக்சைடு நிறமில்லாத வாயு. அதில் ஒரு மூலக்கூறு உடைந்தால் பழுப்பு நிற நைட்ரஜன் டையாக்சைடு இரண்டு கிடைக்கும். இனி டெட்ராக்சைடு, டையாக்சைடு என்றே சொல்கிறேன்.

முதல் வேலை, சமன்பாட்டை எழுதி அதை மாற்றாமல் வைத்துக்கொள்வது. கே என்பது எழுதிய சமன்பாட்டுக்கு மட்டுமே சொந்தம். அதையே பாதியாக்கி எழுதினால் கே வர்க்கமூலமாகும், டெல்டா ஜி நாட் பாதியாகும். திருப்பி எழுதினால் கே தலைகீழாகும், டெல்டா ஜி நாட் குறி மாறும். நம் வினைக்கு, டையாக்சைடு செறிவின் வர்க்கத்தை டெட்ராக்சைடு செறிவால் வகுத்தால் கே. திண்மமோ தூய திரவமோ வினையில் இருந்தால் அது இந்தக் கோவைக்குள் வராது.

சரி, செறிவு. 25 டிகிரி செல்சியஸில் இந்த வினையின் கேசி, அதாவது செறிவில் எழுதிய கே, ஏறத்தாழ 0.0060. ஒரு லிட்டருக்கு 0.040 மோல் டெட்ராக்சைடு மட்டும் இருக்கிறது, டையாக்சைடு துளியும் இல்லை என்று தொடங்குவோம். தொடக்கம், மாற்றம், சமநிலை என்று மூன்று வரிசை போடுங்கள். டெட்ராக்சைடில் எக்ஸ் குறைந்தால் டையாக்சைடு 2எக்ஸ் கூடும். இந்த 2-ஐ மறந்தால் அதற்குப் பிறகு செய்வதெல்லாம் வீண். 2எக்ஸ்-ஐ வர்க்கப்படுத்தும்போது 4 வரும், அதையும் விட்டுவிடாதீர்கள்.

4எக்ஸ்² ÷ (0.040 − எக்ஸ்) = 0.0060

இங்கே கை பரபரக்கும், கீழே இருக்கும் எக்ஸ்-ஐத் தூக்கிப் போட்டுவிடலாமே என்று. போட்டுப் பாருங்கள்: எக்ஸ் = 0.00775. இது 0.040-இல் 19 சதவீதம். 5 சதவீதத்துக்குள் இருந்தால்தான் இந்தத் தோராயம் செல்லும் என்பது வழக்கமான கணக்கு, அதனால் இங்கே செல்லாது. 0.1 மோலார் அசிட்டிக் அமிலத்தில் கேஏ (அமிலம் பிரியும் வினையின் கே) 1.8 × 10⁻⁵ என்பதால் எக்ஸ் 1.3 சதவீதம்தான் வரும், அங்கே தாராளமாக விடலாம்.

இருபடிச் சமன்பாட்டைத் தீர்த்தால் எக்ஸ் = 0.00703. எனக்கு அதைவிடப் பிடித்த வழி, கிடைத்த தோராய விடையையே திரும்பக் கீழே போடுவது: 0.040-இலிருந்து 0.00775-ஐக் கழித்துவிட்டு மறுபடி எக்ஸ் கண்டுபிடித்தால் 0.00696, அதைப் போட்டால் 0.00704, அடுத்து 0.00703, அப்புறம் நகராது. கால்குலேட்டரில் நாலு தட்டுதான், சூத்திரத்தில் குறி தப்பும் பயமும் இல்லை. ஆக, டையாக்சைடு 0.0141, டெட்ராக்சைடு 0.0330. முடித்ததும் இந்த இரண்டையும் கே கோவையில் திரும்பப் போட்டு 0.0060 வருகிறதா என்று பாருங்கள், அரை நிமிட வேலை.

இப்போது கட்டிலா ஆற்றல். அட்டவணையில் உருவாதல் மதிப்புகள் (தனிமங்களிலிருந்து ஒரு மோல் உருவாகும்போதான டெல்டா ஜி நாட்) டையாக்சைடுக்கு 51.31, டெட்ராக்சைடுக்கு 97.89 கிலோஜூல்/மோல். 2 × 51.31-இலிருந்து 97.89-ஐக் கழித்தால் டெல்டா ஜி நாட் = +4.73 கிலோஜூல். பிறகு

டெல்டா ஜி நாட் = −ஆர்டி × எல்என் கே

எல்என் என்பது இயல் மடக்கை. வாயு மாறிலி ஆர் 8.314 ஜூல், வெப்பநிலை டி 298.15 கெல்வின், பெருக்கினால் 2479 ஜூல், அதாவது 2.479 கிலோஜூல். ஆர் ஜூலில் இருக்க டெல்டா ஜி-யைக் கிலோஜூலிலேயே விட்டுவிட்டு வகுப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 4.73-ஐ 2.479-ஆல் வகுத்து, மைனஸ் போட்டு, அதை ஈ-யின் (இயல் மடக்கையின் அடிமானம்) அடுக்காகப் போட்டால் கே = 0.148.

முன்னால் 0.0060 என்றோம், இப்போது 0.148 வருகிறதே? இரண்டும் சரிதான். வாயுக்களுக்கு அட்டவணை மதிப்புகள் 1 பார் அழுத்தத்தைத் தளமாக வைத்து எழுதப்பட்டவை, அதனால் அவற்றிலிருந்து வருவது கேபி, அதாவது அழுத்தத்தில் எழுதிய கே. இந்த வினையில் ஒரு மோல் வாயு இரண்டு மோலாகிறது, கூடுவது ஒன்று, ஆகவே கேபி-யை ஒரு முறை ஆர்டி-யால் வகுத்தால் கேசி. இங்கே ஆர்-க்கு பார், லிட்டர் அலகில் உள்ள 0.08314-ஐ எடுக்க வேண்டும்: ஆர்டி 24.79, விடை 0.0060. கேசி-யை நேராக டெல்டா ஜி நாட் சூத்திரத்தில் போட்டுவிட்டு அட்டவணையோடு ஒத்துவரவில்லையே என்று தலையைப் பிய்த்துக்கொள்வதற்கு இதுதான் காரணம்.

ஒரு எச்சரிக்கை. 25 டிகிரியில் டெல்டா ஜி நாட் 5.7 கிலோஜூல் மாறினால் கே பத்து மடங்கு மாறும். வெறும் 1 கிலோஜூல் பிசகினாலே கே ஏறக்குறைய ஒன்றரை மடங்கு தள்ளிப்போகும். அட்டவணைக்கு அட்டவணை கடைசி இலக்கங்கள் கொஞ்சம் வேறுபடும், ஆகவே இப்படிக் கண்டுபிடித்த கே-யை ஆறு தசம இடங்களுக்கு எழுதுவதில் அர்த்தமே இல்லை.

டெல்டா ஜி நாட் பிளஸ்ஸில் இருக்கிறது, அதனால் வினை நடக்காது என்று எழுதுவார்கள். அது தப்பு. டெல்டா ஜி நாட் சொல்வது சமநிலை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதை மட்டும்தான். இந்த நிமிடம் கலத்தில் இருக்கும் கலவை எந்தப் பக்கம் போகும் என்று கேட்டால் அதற்கு டெல்டா ஜி வேண்டும்:

டெல்டா ஜி = டெல்டா ஜி நாட் + ஆர்டி × எல்என் கியூ

கியூ என்பது கே-யின் அதே கோவைதான், சமநிலை மதிப்புகளுக்குப் பதிலாக இப்போது இருக்கும் மதிப்புகள். டையாக்சைடு 0.10 பார், டெட்ராக்சைடு 0.50 பார் என்று வைத்துக்கொள்வோம். கியூ = 0.01 ÷ 0.50 = 0.020. அதன் எல்என் −3.91, 2.479-ஆல் பெருக்கினால் −9.70. டெல்டா ஜி = 4.73 − 9.70 = −4.97 கிலோஜூல். மைனஸ், ஆக வினை முன்னோக்கியே போகும், பழுப்பு கூடும். கியூ 0.148-ஐ எட்டும்போது டெல்டா ஜி பூஜ்யமாகும். டெல்டா ஜி நாட் அப்போதும் அதே 4.73-தான்.

வெப்பநிலை மாறினால் 4.73-ஐ அப்படியே எடுத்துக்கொண்டு டி-யை மட்டும் மாற்றக்கூடாது. டெல்டா ஜி நாட் என்பது என்தால்பி (வெப்ப அளவு) மாற்றத்திலிருந்து டி × என்ட்ரோபி (ஒழுங்கின்மை அளவு) மாற்றத்தைக் கழித்தால் வருவது. இங்கே என்தால்பி மாற்றம் 57.2 கிலோஜூல், என்ட்ரோபி மாற்றம் கெல்வினுக்கு 175.8 ஜூல்; 350 கெல்வினில் டெல்டா ஜி நாட் = 57.2 − 61.5 = −4.3 கிலோஜூல், கேபி ஏறத்தாழ 4.4. குறி மாறும் இடம் 57200 ÷ 175.8, அதாவது சுமார் 325 கெல்வின். என்தால்பியும் என்ட்ரோபியும் வெப்பநிலையோடு மாறவில்லை என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு இது, ஐம்பது டிகிரி இடைவெளிக்குப் பரவாயில்லை, ஐந்நூறு டிகிரிக்கு வெப்ப ஏற்புத்திறன் திருத்தம் இல்லாமல் போடாதீர்கள்.