ஸ்திரஸுகமாஸனம்: குரலை வைத்து ஆசனம் பழகுவது

ஆசனம் பழக ஆரம்பித்தவர்களுக்கு ஒரு சந்தேகம் விடாமல் வரும். நான் சரியாகச் செய்கிறேனா, இல்லை உடம்பைப் போட்டு வருத்துகிறேனா? கண்ணாடியில் கை கால் தெரியும். உள்ளே எவ்வளவு இறுகிப்போயிருக்கிறோம் என்பது தெரியாது. அதைக் காட்டிக்கொடுப்பது குரல். அதனால்தான் இந்தப் பயிற்சியில் ஒரு சிறு வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டே ஆசனம் செய்கிறோம்.

அந்த வாக்கியம் பதஞ்சலியின் யோக சூத்திரத்தில், இரண்டாம் பாதத்தில், அதாவது அத்தியாயத்தில், 46-ஆவதாக வருவது: ஸ்திரஸுகமாஸனம். கறாராகப் பார்த்தால் இது மந்திரமல்ல, சூத்திரம். மந்திரம்போல ஓதுகிறோம், அவ்வளவுதான். பதிப்பைப் பொறுத்து 195 அல்லது 196 சூத்திரங்கள் உள்ள நூலில், ஆசனத்துக்கென்று இருப்பவை மூன்றே மூன்று. பொருள் நமக்குப் புதிதல்ல. ‘ஸ்திரமான வேலை’ என்கிறோமே, அந்த ஸ்திரம், ‘சுகமா இருக்கீங்களா?’ என்று கேட்கிறோமே, அந்த சுகம். இரண்டும் சேர்ந்து இருந்தால்தான் ஆசனம்.

முதலில் உச்சரிப்பு. இதற்கு ஒரு நாள் முழுக்க ஒதுக்கினாலும் தப்பில்லை. ஸ்தி-ர-ஸு-க-மா-ஸ-னம் என்று ஏழு அசை. நீட்ட வேண்டியது ‘மா’ ஒன்றுதான். நம் நாக்கு ஆரம்பத்தில் ஒரு ‘இ’யைச் சேர்த்து ‘இஸ்திர’ என்று சொல்லப் பார்க்கும். துணி தேய்க்கவா போகிறோம்? ‘ஸ்’ஸிலேயே தொடங்குங்கள். அடுத்து ‘க’. தமிழில் ‘சுகம்’ என்னும்போது அது மெலிந்து ஒலிக்கும். இங்கே ‘பக்கம்’ என்பதில் கேட்கிற வல்லின ஓசை வேண்டும், அதோடு கொஞ்சம் மூச்சுக்காற்றும். உள்ளங்கையை வாய்க்கு முன்னால் வைத்துச் சொன்னால் காற்று படுவது தெரியும். ‘ஸ்தி’யில் உள்ள ‘தி’க்கும் இதே மாதிரி காற்று உண்டு.

அப்புறம் உட்காருங்கள். சாப்பிட்டு மூன்று மணி நேரமாவது ஆகியிருக்கட்டும். சம்மணம் போட்டு உட்கார்ந்து, முட்டி தரையைத் தொடவில்லை என்றால் ஒரு மடித்த போர்வையை இடுப்புக்கு அடியில் வையுங்கள். நான் வீம்புக்குப் போர்வை இல்லாமலே உட்கார்ந்து, இரண்டு மாதம் முட்டிவலியோடு மாடிப்படி ஏறினேன். மூச்சை இழுங்கள், விடும்போது ஒருமுறை ஓதுங்கள். ராகம் எதுவும் வேண்டாம், பேசுகிற சுருதியே போதும். ஆறு முறை.

சரி, இப்போது அசைவு. எழுந்து நின்று மூச்சை இழுத்தபடி கைகளைத் தலைக்கு மேலே தூக்குங்கள், ஓதிக்கொண்டே இறக்குங்கள். குரல் மூச்சை விடும்போதுதான் வரும் என்பதால், மூச்சும் அசைவும் தாமாகவே சேர்ந்துகொள்ளும். ‘னம்’ முடியும்போது கை தொடையருகே வந்திருக்க வேண்டும். கை முந்திக்கொண்டால் அவசரப்படுகிறீர்கள்.

இந்தப் பயிற்சியின் உயிரே அடுத்ததில்தான் இருக்கிறது: உத்தானாசனம், அதாவது நின்றபடி முன்னால் குனிவது. (ரத்தக்கொதிப்பு, கண் அழுத்த நோய், முதுகுத்தண்டில் பிரச்சினை உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேட்காமல் இதைச் செய்ய வேண்டாம்.) முட்டியைக் கொஞ்சம் மடக்கி, ஓதியபடியே குனியுங்கள். குரல் இயல்பாக இருக்கிற வரைக்கும்தான் உங்கள் எல்லை. நடுங்கினால், கீச்சென்று உயர்ந்தால், பாதியில் அடைத்தால், அங்கிருந்து நான்கு விரற்கடை மேலே வந்துவிடுங்கள். பக்கத்தில் இருப்பவர் தரையைத் தொடுகிறாரே என்று பார்க்காதீர்கள். மூச்சை இழுத்தபடி நிமிருங்கள். ஆறு முறை செய்தபின், குனிந்த நிலையிலேயே இரண்டு மூச்சு நின்று ஓதிப் பாருங்கள். கழுத்தை இறுக்கிக்கொண்டு யாராலும் நன்றாக ஓத முடியாது, தலை தானாகத் தொங்கும்.

இது என் கண்டுபிடிப்பல்ல. சென்னையில் நெடுங்காலம் யோகம் கற்பித்த டி. கிருஷ்ணமாச்சாரியாரின் (1888–1989) வழியில் ஆசனத்தோடு ஓதும் பழக்கம் இன்றும் உண்டு.

விருட்சாசனத்தில், அதாவது ஒற்றைக் காலில் மரம்போல நிற்கும்போது, வாய்விட்டுச் சொல்ல வேண்டாம், மனதுக்குள் சொல்லுங்கள். பார்வையை ஒரு புள்ளியில் நிறுத்தி, விடுகிற மூச்சுக்கு ஒன்றாக மூன்று முறை. அப்புறம் கால் மாற்றுங்கள். ஆடினால் சுவரில் ஒரு விரலை வைத்துக்கொள்ளலாம்.

இரண்டு மூன்று வாரம் போனதும் அடுத்த சூத்திரத்தைச் சேர்க்கலாம்: ப்ரயத்னஶைதில்யானந்தஸமாபத்திப்யாம். முயற்சியைத் தளர்த்து, அனந்தத்தில் மனம் தோய் என்பது சாரம். அனந்தன் என்றால் ஆதிசேஷன், அத்தனை தலைகளில் பூமியைத் தாங்கியும் அசையாதவன் என்று சில உரைகாரர்கள் விளக்குவார்கள். சிதம்பரத்தில் வியாக்ரபாத முனிவரோடு நடராஜரின் ஆட்டத்தைக் கண்ட பதஞ்சலியே ஆதிசேஷனின் அவதாரம் என்பதுதானே நம் ஊர்க் கதை. நீளமான சூத்திரம் என்பதால் ஒரே மூச்சில் வராவிட்டால் ‘ஶைதில்ய’ வரை ஒன்று, மீதி ஒன்று என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

கடைசியில் ஐந்து நிமிடம் சவாசனம், அதாவது உடம்பைத் தளர்த்தி மல்லாந்து படுப்பது. அதில் எதுவும் ஓத வேண்டாம். வாக்கியம் தானாக மனதில் ஓடினால் ஓடட்டும், நிறுத்தவும் வேண்டாம்.