வேளாண் உணவு நிறுவனத்தின் ஆண்டறிக்கையை எங்கிருந்து படிக்க ஆரம்பிப்பது?

ஆண்டறிக்கையின் முதல் பக்கத்திலேயே பெரிய எழுத்தில் "விற்பனை 45% உயர்வு" என்று போட்டிருப்பார்கள், பக்கத்தில் ஒரு பச்சை வயல் படம் இருக்கும். அந்தப் பக்கத்தை அப்படியே புரட்டிவிடுங்கள். தானியம் வாங்கி விற்பது, எண்ணெய்வித்து அரைப்பது, ஸ்டார்ச், சர்க்கரை, கால்நடைத் தீவனம், கடைசியில் பாக்கெட் உணவு என்று பல கிளை விட்ட நிறுவனத்தில் மொத்த விற்பனைத் தொகையைப் போல விஷயம் குறைவாகச் சொல்லும் எண் வேறு இல்லை. அந்த வருடம் உலகச் சந்தையில் தானியம் என்ன விலைக்குப் போனது என்பதைத்தான் அது பெரும்பாலும் காட்டும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஓர் ஆலை டன் 400 டாலருக்கு வித்து வாங்கி, அரைத்து, எண்ணெயும் பிண்ணாக்குமாக 440 டாலருக்கு விற்கிறது. மற்ற செலவுகளைப் பார்க்கும் முன் கையில் நிற்பது 40. அடுத்த வருடம் வித்து 600 ஆகிறது, விற்பது 640. அதே டன், அதே 40 டாலர். ஆனால் விற்பனை 45% ஏறியிருக்கும், லாப விகிதம் 9%-லிருந்து 6.25%-க்கு இறங்கியிருக்கும். ஒருவர் அபார வளர்ச்சி என்பார், இன்னொருவர் மார்ஜின் சரிந்துவிட்டது என்பார், ஆலைக்குள் போய்ப் பார்த்தால் எதுவும் மாறியிருக்காது. மாறியது ஒன்றுதான்: அதே சரக்கை வாங்க இப்போது ஒன்றரை மடங்கு பணம் முடங்குகிறது, அதற்கு வட்டி ஓடுகிறது. அந்த வட்டியைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

எனவே இந்தத் துறை அறிக்கை எதை எடுத்தாலும் இரண்டே கேள்வியோடு உள்ளே போங்கள். எத்தனை டன் கையாண்டார்கள்? டன்னுக்கு எவ்வளவு நின்றது? மற்றதெல்லாம் இந்த இரண்டுக்கும் பதில் தேடும் வழிகள்தான்.

உலகின் பெரிய நிறுவனங்களில் ஒன்றான ஆர்ச்சர் டேனியல்ஸ் மிட்லண்டை எடுத்துக்கொள்ளுங்கள். சுருக்கமாக ஏடிஎம் என்பார்கள். 2022-ல் அதன் விற்பனை சுமார் 101 பில்லியன் டாலர், நிகர லாபம் 4.3 பில்லியன். 2024-ல் விற்பனை சுமார் 85 பில்லியன், லாபம் 1.8 பில்லியன். விற்பனை ஆறில் ஒரு பங்கு குறைந்ததற்கு லாபம் பாதிக்கும் கீழே போயிருக்கிறது. உக்ரைன் போர் தொடங்கிய 2022-ல் சந்தையில் தட்டுப்பாடு, அரவை லாபம் உச்சத்தில் இருந்தது. அப்புறம் விளைச்சல் பெருகி விலை தணிந்தபோது டன்னுக்கு நிற்கும் தொகை சுருங்கிவிட்டது. 2022 அறிக்கையை மட்டும் படித்து இதுதான் இந்த நிறுவனத்தின் இயல்பான லாபம் என்று எண்ணியவர்களுக்கு அடுத்த இரண்டு வருடம் புரிந்திருக்காது.

செக்மென்ட் குறிப்பைத் திறங்கள்

நிதிநிலை அறிக்கைக்குப் பின்னால் பக்கம் பக்கமாகக் குறிப்புகள் இருக்கும். அதில் பிரிவுவாரி விவரம், அதாவது செக்மென்ட் ரிப்போர்ட்டிங் என்ற குறிப்பைத்தான் நான் முதலில் படிப்பேன், தலைவர் கடிதத்துக்கும் முன்னால். சர்வதேசக் கணக்கு விதியான ஐஎஃப்ஆர்எஸ் 8-ன்படி மொத்த வருவாயிலோ லாபத்திலோ சொத்திலோ 10% தாண்டும் பிரிவைத் தனியாகக் காட்டியாக வேண்டும். அங்கேதான் நிறுவனம் எங்கே சம்பாதித்தது, எங்கே விட்டது என்பது வெளியே வரும்.

பல நிறுவனங்களில் விற்பனையில் பெரிய பிரிவு லாபத்தில் சின்னதாக இருக்கும். தானிய வர்த்தகம் மலை மாதிரி விற்பனை காட்டி, 2% அல்லது 3% லாபம் தரும். பாக்கெட் உணவோ, வாசனை மற்றும் சத்துப் பொருள் பிரிவோ விற்பனையில் சிறியது, விகிதத்தில் பெரியது. இரண்டையும் ஒரே சராசரியில் போட்டு நிறுவனத்தின் மார்ஜின் 5% என்று சொன்னால் அந்த 5% எந்தத் தொழிலுக்கும் பொருந்தாது. எனவே ஒவ்வொரு பிரிவுக்கும் விற்பனை, லாபம், அதில் போட்டிருக்கும் சொத்து ஆகிய மூன்றையும் எழுதி, லாபத்தைச் சொத்தால் வகுத்துப் பாருங்கள். விற்பனையின் மேல் 3% மட்டுமே நிற்கும் பிரிவு, போட்ட பணத்தின் மேல் 15% தருவதும் உண்டு, ஏனென்றால் அங்கே சரக்கு வேகமாகச் சுழலும்.

பிரிவுகளுக்கு இடையேயான விற்பனை என்று ஒரு வரி இருக்கும். அதைத் தாண்டிப் போகாதீர்கள். அரவைப் பிரிவு எண்ணெயை உணவுப் பிரிவுக்கு விற்கும், ஸ்டார்ச் பிரிவு இனிப்புப் பொருளைப் பானப் பிரிவுக்கு விற்கும். என்ன விலைக்கு விற்கிறது என்பதை நிர்வாகம்தான் தீர்மானிக்கிறது. அந்த விலையைக் கொஞ்சம் நகர்த்தினால் ஒரு பிரிவின் லாபம் இன்னொன்றுக்குப் போய்விடும், மொத்த லாபம் ஒரு பைசா மாறாது. ஜனவரி 2024-ல் ஏடிஎம் தன் தலைமை நிதி அதிகாரியை விடுப்பில் அனுப்பியது, நியூட்ரிஷன் என்ற சத்துப் பொருள் பிரிவின் உள்விற்பனைக் கணக்கு குறித்து விசாரணை நடப்பதாக அறிவித்தது. ஒரே நாளில் பங்கு விலை சுமார் 24% விழுந்தது. பின்னர் பிரிவுவாரிக் கணக்குகளைத் திருத்தி வெளியிட்டார்கள். மொத்தக் கணக்கைப் பாதிக்காத ஒரு குறிப்புக்கு இவ்வளவு விளைவு ஏன்? வளரும் பிரிவு என்று நம்பித்தான் முதலீட்டாளர்கள் அதற்குத் தனி மதிப்புக் கொடுத்திருந்தார்கள். பிரிவு லாபம் என்பது அந்த அளவுக்கு முக்கியமான எண்.

டன்னுக்கு எவ்வளவு நின்றது

டன் கணக்கு சில அறிக்கைகளில் நேராகக் கிடைக்கும். சிலவற்றில் நிர்வாகத்தின் விளக்கப் பகுதியில், ஏதோ ஒரு பத்தியின் நடுவே கிடக்கும். தேடி எடுங்கள். பிரிவு லாபத்தை டன்னால் வகுத்தால் கிடைப்பதை ஐந்து வருடத்துக்கு வரிசையாக எழுதிப் பார்த்தால் வேறு எதுவும் காட்டாததை அது காட்டும்: எந்த வருடம் உண்மையிலேயே நன்றாக ஓடியது, எந்த வருடம் விலையேற்றம் மட்டும் தூக்கிப் பிடித்தது.

நிறுவனம் சொல்வது சரியா என்று வெளியிலிருந்தும் ஓரளவு சரிபார்க்கலாம். சோயாவை எடுங்கள். சிகாகோ சந்தைக் கணக்கில் ஒரு புஷல் (அமெரிக்கத் தானிய அளவை) சோயா 60 பவுண்டு, அதாவது சுமார் 27.2 கிலோ. அதை அரைத்தால் 11 பவுண்டு எண்ணெயும் 44 பவுண்டு பிண்ணாக்கும் வரும் என்று வைத்து, அவற்றின் விலைக்கும் வித்தின் விலைக்கும் உள்ள அரவை வித்தியாசத்தைக் கணக்கிடுவார்கள். மூன்றின் சந்தை விலையும் எல்லாருக்கும் கிடைப்பதால், அந்த வருடம் சந்தை எவ்வளவு வித்தியாசம் கொடுத்தது என்பதை நீங்களே போட்டுப் பார்க்கலாம். சந்தை வித்தியாசம் விரிந்த வருடத்தில் நிறுவனத்தின் டன் லாபம் சுருங்கியிருந்தால் உள்ளே ஏதோ கோளாறு. ஆலை நின்றிருக்கலாம், வாங்கிய விலை தப்பியிருக்கலாம், விலை மாற்றத்திலிருந்து தப்பிக்கப் போட்ட எதிர் ஒப்பந்தம், அதாவது ஹெட்ஜிங், கையைக் கடித்திருக்கலாம்.

உபபொருளையும் கவனியுங்கள். எடையில் பார்த்தால் சோயாவில் கிட்டத்தட்ட முக்கால் பங்கு பிண்ணாக்குதான். கரும்பு ஆலையில் சர்க்கரையோடு மொலாசஸ் என்ற கழிவுப்பாகு, அதிலிருந்து எத்தனால், சக்கையிலிருந்து மின்சாரம். சில வருடங்களில் முக்கியப் பொருள் நஷ்டத்தில் போக, உபபொருள்தான் ஆலையைக் காப்பாற்றும். தீவனத் தேவை குறைந்து பிண்ணாக்கு தேங்கினால் எண்ணெய் விலை எவ்வளவு நன்றாக இருந்தாலும் அரவையைக் குறைக்கத்தான் வேண்டியிருக்கும்.

ஆலைத் திறனில் எத்தனை சதவீதம் ஓடியது என்பது அடுத்த எண். சம்பளம், தேய்மானம், பராமரிப்பு எல்லாம் ஆலை ஓடினாலும் ஓடாவிட்டாலும் நிற்காத செலவு. 90% ஓடிய ஆலை அடுத்த வருடம் 70% ஓடினால் டன்னுக்கான செலவு எங்கே போகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

காகிதத்தில் மட்டும் இருக்கும் லாபம்

இந்தத் துறையில் லாபக் கணக்கில் பணமாக வராத வரிகள் நிறைய. உயிருள்ள பயிர், கால்நடை போன்றவற்றை ஐஏஎஸ் 41 என்ற சர்வதேசக் கணக்கு விதிப்படி நியாய மதிப்பில், அதாவது அன்றைய சந்தை விலையை ஒட்டி, காட்டுவார்கள், அந்த மதிப்பு ஏறினால் விற்காமலேயே லாபத்தில் சேரும், இறங்கினால் நஷ்டத்தில் சேரும். 2016 முதல் எண்ணெய்ப் பனை, தேயிலை போன்று பல வருடம் பலன் தரும் செடிகளை இயந்திரம் மாதிரி சொத்தாக வைத்துத் தேய்மானம் போடுகிறார்கள், ஆனால் அதில் தொங்கும் காய்க்கு இன்னும் நியாய மதிப்புதான். லாபத்திலிருந்து இந்த மதிப்பு மாற்றத்தைக் கழித்துவிட்டு ஒரு முறை பாருங்கள். தோட்டமும் பண்ணையும் வைத்திருக்கும் நிறுவனங்களில் படமே மாறிவிடும்.

ஹெட்ஜிங் அதைவிடக் குழப்பும். நிறுவனம் கையில் சரக்கை வாங்கி வைத்து, விலை விழுந்தால் அடிபடாமலிருக்க, பின்னொரு தேதிக்கு இன்றே விலை பேசும் ஃப்யூச்சர்ஸ் சந்தையில் விற்று வைக்கும். விலை ஏறினால் ஃப்யூச்சர்ஸில் நஷ்டம், சரக்கில் லாபம், இரண்டும் சரிக்குச் சரி. ஆனால் சரக்கை அடக்க விலையில் காட்டும் பிரிவுகளில் ஃப்யூச்சர்ஸ் நஷ்டம் இந்த வருடமும் சரக்கின் லாபம் அடுத்த வருடமும் கணக்கில் ஏறக்கூடும். இதைக் கால வேறுபாடு என்று சொல்லித் தனியாகக் கழித்து "சரிசெய்யப்பட்ட லாபம்" என்று காட்டுவார்கள். நியாயமான விளக்கம்தான். ஆனால் கால வேறுபாடு என்றால் அடுத்த வருடம் எதிர்த்திசையில் திரும்பி வர வேண்டும். திரும்பி வரவில்லை, வருடா வருடம் ஒரே பக்கமாகவே கழிக்கிறார்கள் என்றால், அந்த நிறுவனம் உண்மையில் விலையில் பந்தயம் கட்டித் தோற்கிறது என்றே நான் எடுத்துக்கொள்வேன்.

"ஒருமுறை மட்டும் வந்த செலவு" என்பதற்கும் இதே சோதனை. ஆலை மூடல், மதிப்புக் குறைப்பு, ஆட்குறைப்புச் செலவு எல்லாம் மூன்று வருடமாகத் தொடர்ந்து வந்தால் அது அந்தத் தொழிலின் வழக்கமான செலவு, நீங்கள் கழிக்க வேண்டாம்.

ரொக்கமும் கடனும்

சரி, முன்பு விட்ட வட்டிக்கு வருவோம். இந்தத் துறையில் பணம் அறுவடைக் காலத்தில் மொத்தமாகப் போய், வருடம் முழுக்கச் சிறுகச் சிறுகத் திரும்பி வரும். எனவே நிதியாண்டு எந்த மாதம் முடிகிறது என்று முதலில் பாருங்கள். அறுவடை முடிந்த கையோடு ஆண்டு முடிந்தால் கிடங்கும் கடனும் உச்சத்தில் இருக்கும், சரக்கு தீர்ந்த மாதத்தில் முடிந்தால் கடன் இல்லாத நிறுவனம் போலத் தோன்றும். இன்னொரு பெரிய தானிய நிறுவனமான கார்கில் மே 31-ல் முடிக்கிறது, ஏடிஎம் டிசம்பர் 31-ல். இப்படி வேறு வேறு மாதத்தில் முடிக்கும் இரு நிறுவனங்களின் இருப்புநிலையை அப்படியே பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் தப்பான முடிவுக்குத்தான் போவோம். காலாண்டு அறிக்கை கிடைத்தால் நான்கு காலாண்டுக் கடனின் சராசரியை எடுங்கள், வட்டிச் செலவை அதோடு ஒத்துப் பாருங்கள்.

விலை ஏறும் வருடத்தில் லாபம் வந்தும் ரொக்கம் வராது, ஏனென்றால் அது முழுக்கக் கிடங்கில் சரக்காக உட்கார்ந்திருக்கும். விலை விழும் வருடத்தில் லாபம் குறைந்தும் ரொக்கம் கொட்டும். கோகோவைப் பாருங்கள், 2023 தொடக்கத்தில் டன் சுமார் 2,500 டாலர், 2024 டிசம்பரில் 12,000 டாலரைத் தாண்டியது. அதை வாங்கி அரைக்கிறவருக்கு ஒரே அளவு சரக்குக்குக் கிட்டத்தட்ட ஐந்து மடங்கு பணம் வேண்டும். லாபத்தில் இருக்கும் நிறுவனம்கூட அப்படிப்பட்ட வருடத்தில் வங்கிக் கடன் வரம்பைத் தொட்டு மூச்சுத் திணறலாம்.

உடனே விற்கக்கூடிய சரக்கைக் கடனிலிருந்து கழித்து, சரிசெய்யப்பட்ட நிகரக் கடன் என்று ஒரு எண் தருவார்கள். சந்தையில் அன்றைக்கே விலை போகும், விலை ஹெட்ஜ் செய்யப்பட்ட தானியத்துக்கும் எண்ணெய்க்கும் இது சரி. பாக்கெட் உணவையும் பாதி பதப்படுத்திய பொருளையும் அதில் சேர்த்திருந்தால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

இதில் எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியமாகத் தோன்றும் வரி, விவசாயிகளுக்கும் மூலப்பொருள் கொடுத்தவர்களுக்கும் உள்ள பாக்கி. ரொக்க வரவு திடீரென்று நன்றாக இருந்தால் அந்த வரிக்குப் போங்கள். கொள்முதல் அதே அளவில் இருக்கப் பாக்கி மட்டும் 30 நாளிலிருந்து 60 நாளாகியிருந்தால், அந்த நல்ல ரொக்கம் விளைவித்தவர் கையிலிருந்து எடுத்தது. அது நியாயமும் இல்லை, நிலைக்கவும் நிலைக்காது. அடுத்த பருவத்தில் அவர்கள் வேறு ஆலைக்கு வண்டியைத் திருப்பிவிடுவார்கள், ஆலை பாதித் திறனில் ஓடும், டன் செலவு ஏறும். ஆண்டறிக்கையில் இது ஒரு வருடம் தள்ளித்தான் தெரியும்.

பாக்கெட் உணவுப் பிரிவுக்கு அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. விற்பனை வளர்ச்சியை விலை எவ்வளவு, அளவு எவ்வளவு என்று பிரித்துச் சொல்லியிருக்கிறார்களா பாருங்கள். மூலப்பொருள் ஏறினால் கடை விலை ஏறச் சில மாதம் ஆகும், அதனால் ஏறும் வருடத்தில் லாபம் நசுங்கி இறங்கும் வருடத்தில் விரியும். விளம்பரச் செலவை வெட்டி லாபம் காட்டியிருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இதையெல்லாம் ஒரு தாளில் வையுங்கள்: குறுக்கே ஐந்து வருடம், நெடுக்கே பிரிவுவாரி டன், டன் லாபம், ஆலைத் திறன், போட்ட சொத்து, அடியில் சராசரிக் கடன், வட்டி, கொள்முதல் பாக்கி நாட்கள். ஐந்து வருடம் ஏன் என்றால் ஒரு நல்ல விளைச்சலும் ஒரு மோசமான விளைச்சலும் அதற்குள் பெரும்பாலும் வந்துவிடும். அப்புறம் போன வருட அறிக்கையை எடுத்து, "வரும் ஆண்டில்" என்று தொடங்கும் பகுதியில் நிர்வாகம் என்ன சொன்னது என்று படியுங்கள். புதிய ஆலை எப்போது ஓடும் என்றார்கள், எந்தப் பிரிவு தேறும் என்றார்கள், ஓடியதா, தேறியதா என்று இந்த வருட எண்ணோடு ஒத்துப் பார்த்து, நடக்காதவற்றை எழுதி வையுங்கள். அவற்றில் எத்தனைக்கு இந்த வருட அறிக்கையில் விளக்கம் இருக்கிறது என்று தேடிவிட்டு, அதன் பிறகு தலைவர் கடிதத்தைப் படியுங்கள்.