ஒன்ராறியோவிலிருந்து அல்பேர்ட்டாவுக்குக் குடிபெயரும் குடும்பங்களுக்கு: முதல் மூன்று மாதங்கள்

கனடாவின் உரிமைச் சாசனத்தின் 6 ஆம் பிரிவு, குடியுரிமை உள்ளவர்களுக்கும் நிரந்தர வதிவிட உரிமை உள்ளவர்களுக்கும் எந்த மாகாணத்திலும் குடியேறி உழைக்கும் உரிமையை வழங்குகிறது. ஆகவே ஸ்காபரோவிலோ மார்க்கத்திலோ வாழ்ந்துவந்த ஒரு குடும்பம், வாடகையைத் தாங்க முடியாமல் கல்கரிக்கோ எட்மன்டனுக்கோ போக முடிவெடுத்தால் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. குறிப்பிட்ட ஒரு முதலாளியிடம் மட்டும் வேலை செய்யும் அனுமதியில் இருப்பவர்களும், அகதிக் கோரிக்கை முடிவாகாமல் இருப்பவர்களும் மாத்திரம் புறப்படுவதற்கு முன்னரே தங்கள் சட்டத்தரணியுடன் பேசிக்கொள்ள வேண்டும். மற்றவர்களுக்குச் சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. மருத்துவக் காப்புறுதி, சாரதி அனுமதிப்பத்திரம், வாடகைச் சட்டம், பாடசாலை, தொழில் உரிமம் ஆகிய அனைத்தும் மாகாண அரசுகளின் கையில் இருப்பதால், எல்லையைத் தாண்டிய நாளிலிருந்து ஒவ்வொன்றுக்கும் ஒரு கெடு ஓடத் தொடங்குகிறது. அல்பேர்ட்டாவில் குடியேறிய திகதியை ஒரு தாளில் எழுதி, அதை உறுதிப்படுத்தும் வாடகை ஒப்பந்தத்தையும் பயணச் சீட்டையும் அதனுடன் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். பின்வரும் அலுவல்களில் பெரும்பாலானவை அந்த ஒரு திகதியிலிருந்தே கணக்கிடப்படுகின்றன.

முதலில் வேலை. கல்கரியில் வீட்டுச் செலவு குறைவு என்பதை மட்டும் பார்த்துப் புறப்படுவோர் பலர். அல்பேர்ட்டாவின் அடிப்படைச் சம்பளம் 2018 அக்டோபரில் மணிக்கு 15 டொலராக நிர்ணயிக்கப்பட்டது. ஒன்ராறியோவிலோ அது 17 டொலரைத் தாண்டிவிட்டது. தொழிற்சாலையிலும் உணவகத்திலும் வேலை செய்வோர் வாடகையில் மிச்சமாகும் தொகையையும் சம்பளத்தில் குறையும் தொகையையும் ஒரே தாளில் எழுதிப் பார்க்க வேண்டும். தாதியர், ஆசிரியர், பொறியியலாளர், குழந்தைப் பராமரிப்பாளர் போன்றோர் அல்பேர்ட்டாவில் அதற்குரிய அமைப்பிடம் புதிதாகப் பதிவு பெற வேண்டும். ஒன்ராறியோவில் ஏற்கெனவே உரிமம் பெற்றவர்கள் பெரும்பாலும் பரீட்சையை மறுபடி எழுத வேண்டியதில்லை என்றாலும், சான்றிதழ்கள் வந்துசேர வாரங்கள் ஆகலாம். அதனால் கையில் உள்ள வேலையை விடுவதற்கு முன்பே விண்ணப்பத்தைத் தொடங்கிவிடுவது நல்லது. மின்னிணைப்பாளர், குழாய்த்தொழிலாளர் முதலியோரிடம் ரெட் சீல் எனப்படும் மாகாணங்களுக்குப் பொதுவான தொழிற்சான்று முத்திரை இருந்தால் அது நாடு முழுவதும் ஏற்கப்படும்.

ஒன்ராறியோவில் வாடகைக்கு இருப்பவர்கள், எழுத்து ஒப்பந்தம் இல்லாத பேஸ்மென்ட் வீடாக இருந்தாலும், பொதுவாக 60 நாள் முன்னறிவித்தல் கொடுக்க வேண்டும். அந்த 60 நாளும் வாடகைக் காலத்தின் கடைசி நாளில் முடிவதாக இருக்க வேண்டும். இதை மறந்து வெளியேறியவர்கள், வாழாத வீட்டுக்கு வாடகை செலுத்த நேரிடுகிறது.

மருத்துவக் காப்புறுதியில்தான் மிகுந்த கவனம் தேவை. கனடாவின் மற்றொரு மாகாணத்திலிருந்து வருவோருக்கு, குடியேறிய மாதத்துக்குப் பின்வரும் மூன்றாவது மாதத்தின் முதல் நாளில் அல்பேர்ட்டாவின் காப்புறுதி தொடங்குகிறது. மார்ச் 12 அன்று வந்தவருக்கு ஜூன் 1 வரை ஒன்ராறியோவின் ஹெல்த் கார்டே துணை. எனவே அந்த அட்டையை எறிந்துவிடாமல் எப்போதும் கையில் வைத்திருங்கள். அதேவேளை வந்த மூன்று மாதங்களுக்குள் அல்பேர்ட்டாவில் விண்ணப்பித்துவிடுங்கள். அடையாளம், கனடாவில் வாழும் உரிமை, அல்பேர்ட்டா முகவரி ஆகிய மூன்றுக்கும் தனித்தனி ஆவணங்கள் கேட்கப்படும். விண்ணப்பத்தை ரெஜிஸ்ட்ரி எனப்படும் தனியார் பதிவு அலுவலகங்களில் கொடுக்கலாம். இந்த இடைக்காலத்தில் மருத்துவரையும் வைத்தியசாலையையும் ஒன்ராறியோ அட்டையுடன் நாடலாம் என்றாலும், அம்புலன்ஸ் கட்டணம் மாகாணங்களுக்கிடையிலான அந்த ஏற்பாட்டில் சேராது. மருந்துகளும் சேரமாட்டா. 65 வயதைக் கடந்த பெற்றோரும் 25 வயதுக்குட்பட்ட பிள்ளைகளும் ஒன்ராறியோவில் பெறும் மருந்துச் சலுகை ஒன்ராறியோ மருந்தகங்களுக்கு மட்டுமே உரியது. நீரிழிவு, இரத்த அழுத்தம் போன்றவற்றுக்கு அன்றாடம் மருந்தெடுக்கும் பெற்றோர் உங்களுடன் வருகிறார்கள் என்றால், புறப்படுவதற்கு முன் குடும்ப மருத்துவரிடம் சொல்லி மூன்று மாதத்துக்கான மருந்தை வாங்கிக்கொள்ளுங்கள்; மருத்துவக் கோப்பின் பிரதியையும் கேட்டுப் பெறுங்கள். புதிய ஊரில் குடும்ப மருத்துவர் ஒருவர் கிடைக்கும்வரை அந்தக் கோப்பின் அருமை தெரியும். இரவில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் 811 என்ற இலக்கத்தை அழைத்துத் தாதி ஒருவரிடம் ஆலோசனை பெறலாம். ஆங்கிலம் தடுமாறுபவர்கள் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று தயங்காமல் கேட்க வேண்டும்.

சாரதி அனுமதிப்பத்திரத்தை 90 நாட்களுக்குள் மாற்ற வேண்டும். ஒன்ராறியோவின் முழு ஜி உரிமம் அல்பேர்ட்டாவின் 5 ஆம் வகுப்பாக மாறும். ஜி-2 வைத்திருப்பவர்களுக்குப் பயிற்சி நிலைக்குரிய 5 ஆம் வகுப்புக் கிடைக்கும். இரண்டு உரிமங்களை ஒருசேர வைத்திருக்க முடியாது என்பதால் பழையது அங்கேயே வாங்கிக்கொள்ளப்படும். வாகனத்துக்கும் இதே மூன்று மாதக் கெடு உண்டு. ஆனால் வெளிமாகாண வாகனப் பரிசோதனையில் தேறிய பின்னரே அதைப் பதிவு செய்ய முடியும். வயதான வாகனமாக இருந்தால், திருத்தச் செலவு அதன் பெறுமதியை விழுங்கிவிடக்கூடும். 3,000 கிலோமீற்றருக்கு மேல் ஓட்டிக்கொண்டு வருவதற்கு முன், நம்பிக்கையான மெக்கானிக் ஒருவரிடம் பிரேக்கையும் ஸ்டியரிங்கையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஒன்ராறியோக் காப்புறுதி நிறுவனத்திடம் விபத்தில்லாத ஆண்டுகளைக் குறிப்பிடும் கடிதம் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். அது இல்லாவிட்டால் புதிய நிறுவனம் உங்களைப் புதுச் சாரதியாகக் கருதி அதிகக் கட்டணம் கேட்கலாம். புதிய காப்புறுதி நடைமுறைக்கு வரும்வரை பழையதை நிறுத்தவே வேண்டாம்.

அல்பேர்ட்டாவின் வாடகைச் சட்டம் பலருக்கு வியப்பைத் தரும். ஒன்ராறியோவில் கடைசி மாத வாடகையை முன்கூட்டியே வாங்கும் வழக்கத்துக்குப் பதிலாக, இங்கே அதிகபட்சம் ஒரு மாத வாடகைக்குச் சமமான காப்புப் பணம் வாங்கப்படுகிறது. வீட்டுக்குள் நுழைவதற்கு முன்னரோ பின்னரோ ஒரு வாரத்துக்குள் வீட்டுக்காரரும் நீங்களும் வீட்டைச் சுற்றிப் பார்த்து அறிக்கை எழுத வேண்டும். அந்த அறிக்கை எழுதப்படாவிட்டால், சேதம் என்று சொல்லிக் காப்புப் பணத்தில் அவர் கழிக்க முடியாது. சுவர்க் கீறலையும் கம்பளக் கறையையும் அன்றே படம் பிடித்து வையுங்கள். ஒன்ராறியோவில் 2018 நவம்பர் 15 இற்கு முன் குடியிருப்பாகப் பாவனையில் இருந்த வீடுகளுக்கு, வாடகையை எவ்வளவு உயர்த்தலாம் என்பதற்கு ஆண்டுதோறும் ஓர் உச்ச வரம்பு அறிவிக்கப்படுகிறது. அல்பேர்ட்டாவில் வாடகை உயர்வுக்கு உச்ச வரம்பு கிடையாது. 365 நாட்களுக்கு ஒருமுறைதான் உயர்த்தலாம் என்ற கட்டுப்பாடு உண்டு. ஆகவே முதலாவது ஆண்டின் குறைந்த வாடகையை நம்பி நீண்டகாலக் கணக்குப் போடாதீர்கள். மின்சாரமும் எரிவாயுவும் வாடகையில் அடங்குமா என்பதையும் கேளுங்கள். பயன்பாடு குறைவாக இருந்தாலும் விநியோகக் கட்டணங்கள் பட்டியலில் வரும்.

வருமான வரியில் டிசம்பர் 31 அன்று நீங்கள் எந்த மாகாணத்தில் வாழ்கிறீர்களோ, அந்த மாகாணத்தின் வரிதான் முழு ஆண்டுக்கும் பொருந்தும். புதிய வேலைக்கோ படிப்புக்கோ குறைந்தது 40 கிலோமீற்றர் நெருக்கமாக இடம் மாறியவர்கள், லொறி, பயணம், தற்காலிகத் தங்கல் ஆகிய செலவுகளை டி1-எம் படிவத்தில் காட்டி, புதிய இடத்தில் ஈட்டிய வருமானத்திலிருந்து கழிக்கலாம். பற்றுச்சீட்டுகளை ஓர் உறையில் போட்டு வையுங்கள். பிள்ளைகளுக்கான கொடுப்பனவு தடைப்படாமல் வர, வரித் திணைக்களத்தில் முகவரியை உடனே மாற்றுங்கள். பெற்றோரை அழைக்கும் விண்ணப்பமோ குடியுரிமை விண்ணப்பமோ நிலுவையில் இருந்தால் குடிவரவுத் திணைக்களத்துக்கும் அறிவியுங்கள்; நேர்முகக் கடிதம் பழைய வீட்டுக்குப் போய்க் கிடப்பது பெரும் துயரம்.

ஒன்ராறியோவில் நான்கு வயதிலேயே முழுநாள் பாடசாலைக்குப் போகும் பிள்ளைக்கு, அல்பேர்ட்டாவில் அந்த வயதில் அத்தகைய இடம் இல்லை. கிண்டர்கார்டன் ஐந்து வயதில் தொடங்கி, பெரும்பாலும் அரை நாளே நடக்கிறது. தாயும் தந்தையும் வேலைக்குப் போகும் குடும்பங்கள் பராமரிப்புச் செலவை இப்போதே கணக்கிட வேண்டும். 12 ஆம் வகுப்பில் இருக்கும் பிள்ளையை நடுவில் இடம் மாற்றாமல் இருப்பதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. அல்பேர்ட்டாவில் அந்த வகுப்பின் முக்கிய பாடங்களில் மாகாண அரசின் பரீட்சை இறுதிப் புள்ளியில் 30 வீதமாகக் கணக்கிடப்படுகிறது. ஒன்ராறியோப் பாடத்திட்டத்தில் படித்த பிள்ளைக்கு அதற்கு ஆயத்தமாகப் போதிய அவகாசம் கிடைக்காது. தடுப்பூசிப் பதிவையும் மதிப்பெண் அறிக்கையையும் கைப்பையிலேயே கொண்டுவாருங்கள். லொறியில் போட்டால் பதிவு செய்யும் நாளில் கிடைக்காது.

எட்மன்டனில் குளிர் -30 பாகையைத் தொடும் நாட்களில், எஞ்சினைச் சூடாக வைத்திருக்கும் பிளொக் ஹீட்டர் இல்லாத வாகனம் காலையில் கிளம்ப மறுக்கலாம். ரொறன்ரோவில் வாங்கிய பல வாகனங்களில் அது இருப்பதில்லை. நவம்பர் பிறப்பதற்கு முன் அதைப் பொருத்தி, வாகனத்தை நிறுத்தும் இடத்தில் மின் இணைப்பு உள்ளதா என்பதை வீடு பார்க்கப்போகும்போதே வீட்டுக்காரரிடம் கேட்டுவிடுங்கள்.