டிஸ்க் காலி, க்யூ ஃபுல்: ரெப்ளிகேஷனுக்கு இடம் கணக்கிடுவது எப்படி?

ஒரு வெள்ளிக்கிழமை மாலை மறுமுனை சர்வரைப் பராமரிப்புக்காக நிறுத்தினார்கள். மறுநாள் காலை பார்த்தால், எங்கள் டேட்டாபேஸில் நடக்கும் மாற்றங்களை அந்த சர்வருக்கு நகலெடுத்து அனுப்பும் ரெப்ளிகேஷனும் எங்கள் பக்கம் நின்றிருந்தது. டிஸ்க்கில் 300 ஜிபி காலி! அந்த மாற்றங்களை மெசேஜ்களாக வரிசையில் (க்யூவில்) வைத்து அனுப்பும் மென்பொருள் ஐபிஎம் எம்க்யூ. அதில் ஒரு க்யூ எத்தனை மெசேஜ் தாங்கும் என்பதற்கு மேக்ஸ்டெப்த் என்றொரு வரம்பு உண்டு. நாம் மாற்றாவிட்டால் அது 5,000. எங்களுக்கு நொடிக்கு 200 டிரான்சாக்‌ஷன். ஒவ்வொன்றுக்கும் ஒரு மெசேஜ் என்பதால் 25 நொடியில் கதை முடிந்திருக்கும். நான் ஜிபியை மட்டும் எண்ணியிருந்தேன்.

இப்போதெல்லாம் மறுமுனை அதிகபட்சம் எவ்வளவு நேரம் படுத்துக்கிடக்கும் என்பதில்தான் கணக்கைத் தொடங்குகிறேன். வெள்ளி மாலை 6 மணிக்கு விழுந்து திங்கள் காலை 6 மணிக்குத்தான் சரிசெய்ய முடியும் என்றால் 60 மணி நேரம்.

அப்புறம் மெசேஜின் அளவு. ஒரு டிரான்சாக்‌ஷனில் சராசரியாக 4 ரெக்கார்டு, ஒவ்வொன்றும் 250 பைட் என்று வைப்போம். அப்டேட்டில் பழைய மதிப்பையும் சேர்த்து அனுப்பினால் இரட்டிப்பு, ஆக 2,000 பைட். எம்க்யூ தன் பங்குக்கு ஒவ்வொரு மெசேஜுக்கும் 364 பைட் தலைப்பு ஒட்டும். ரெப்ளிகேஷனின் தலைப்பையும் சேர்த்து மொத்தம் 2,500 என்று வைத்துக்கொள்வேன். நொடிக்கு 200 என்றால் மணிக்கு 1.8 ஜிபி, 60 மணிக்கு 108 ஜிபி. மெசேஜ் எண்ணிக்கை 4.32 கோடி, மேக்ஸ்டெப்த் அதற்கு மேல் இருக்க வேண்டும்.

சராசரியை நம்பி இங்கேயே நிறுத்திவிடாதீர்கள். மாதக் கடைசியில் 2 கோடி ரெக்கார்டை ஒரே அப்டேட்டில் மாற்றும் வேலை ஒன்று ஓடினால், அது மட்டுமே 10 ஜிபி.

இந்த இடம் இரண்டு பக்கமும் தேவை. மறுமுனை மெஷினே விழுந்தால் நம் பக்க டிரான்ஸ்மிஷன் க்யூவில், அதாவது அனுப்பக் காத்திருக்கும் வரிசையில், சேரும். மெஷின் உயிரோடிருந்து, மெசேஜ்களை எடுத்து அங்குள்ள டேட்டாபேஸில் எழுதும் அப்ளை மட்டும் நின்றால் அங்கே சேரும். பெர்சிஸ்டென்ட் மெசேஜ்கள் (எம்க்யூ நின்று எழுந்தாலும் அழியாதவை) எம்க்யூவின் லாகிலும் எழுதப்படும், அந்த டிஸ்க் தனிக் கணக்கு.

மறுமுனை எழுந்ததும் இடம் காலியாகிவிடும் என்று நினைத்தால், அதுவும் நடக்காது. அப்ளை நொடிக்கு 250 மெசேஜ் தின்றாலும் புதிதாக 200 வந்துகொண்டே இருக்கும். மிச்சம் 50. அந்த வேகத்தில் 4.32 கோடி தீர 10 நாள் ஆகும். அதற்குள் இன்னொரு வெள்ளிக்கிழமை வந்துவிடும்.