வேக் டிரெஸ்ஸிங்கில் லீக் அலாரம் ஓயவில்லையா?

அப்பாவின் குதிகாலில் ஆறாத சர்க்கரைப் புண். டாக்டர் கையடக்க வேக் மிஷின் (காற்றுப்புகாமல் ஒட்டிய கட்டுக்குள்ளிருந்து காற்றையும் புண்ணின் கசிவையும் உறிஞ்சும் கருவி, கட்டில் காற்று கசிந்தால் அலாரம் அடிக்கும்) வைத்தார், கட்டு மாற்ற நர்ஸ் எனக்குச் சொல்லிக்கொடுத்தார். அப்படி நேரில் கற்றவர்களுக்கு மட்டுமே இந்தக் குறிப்பு. புண்ணில் கருகிய சதை, புற்றுநோய், சிகிச்சை பெறாத எலும்புத் தொற்று, வெளியே தெரியும் ரத்தக்குழாய் இருந்தால் இதை வைக்கவே கூடாது.

1. மிஷினை நிறுத்தி, ஃபிலிமை (மேலே ஒட்டியிருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் தாளை) மெல்ல உரியுங்கள். ஃபோம் (புண்ணுக்குள் வைக்கும் ஸ்பாஞ்ச்) ஒட்டியிருந்தால் சலைனில் (சுத்தமான உப்புநீர் மருந்தில்) ஊறவிடுங்கள். வைத்த துண்டுகள் எல்லாம் வெளியே வந்தனவா என்று எண்ணுங்கள். ஒன்று உள்ளே தங்கினாலும் தொற்று வரலாம். (எண்ணிக்கையை ஃபிலிம் மேலேயே பேனாவால் எழுதிவிடுவேன்.)

2. புண்ணைக் கழுவி, சுற்றுத் தோலைத் துடையுங்கள். நான் மூன்று முறை தோற்றது இங்கேதான். கட்டிக் கால் மணி நேரம் ஆகவில்லை, அலாரம் கத்தும். தொட்டால் காய்ந்த மாதிரிதான் இருந்தது, ஆனால் கணுக்கால் மடிப்பில் ஈரம் பதுங்கியிருந்தது. இப்போதெல்லாம் காஸால் ஒற்றி, தோல் காக்கும் திரவம் தடவி, அதுவும் காயும்வரை காத்திருக்கிறேன். மடிப்பில் ஹைட்ரோகொலாய்ட் (தோலோடு ஒட்டும் ஜெல் மாதிரியான) பட்டை ஒன்று.

3. ஃபோமைப் புண்ணளவுக்கு வெட்டுங்கள். புண்ணுக்கு நேர்மேலே வெட்டினால் துகள் உள்ளே விழும். திணிக்காதீர்கள், நல்ல தோலில் படவிடாதீர்கள்.

4. ஃபிலிமை முழுத் தாளாக ஒட்டுபவர்கள் கைதேர்ந்தவர்கள். எனக்குச் சுருக்கம்தான் மிஞ்சியது. பட்டை பட்டையாக வெட்டி, இழுக்காமல், ஒன்றின் ஓரம் இன்னொன்றில் ஏறும்படி ஒட்டுவேன். அப்புறம் நடுவில் சிறு வட்டத் துளை, அதன்மேல் டியூப் பேட் (மிஷினுக்குப் போகும் குழாய் பொருத்திய ஒட்டு வில்லை). டியூப் குதிகாலுக்கு அடியில் போனால் அழுத்திப் புதுப் புண் வரும்.

5. டாக்டர் சொன்ன அழுத்தத்தை வையுங்கள். ஃபோமுக்குப் பெரும்பாலும் மைனஸ் 125 மில்லிமீட்டர் பாதரசம். ஃபோம் உலர்ந்த திராட்சை போலச் சுருங்கினால் சரி. இல்லையென்றால் காதை அருகே வைத்து 'உஸ்' சத்தம் எங்கே என்று பாருங்கள். அந்த ஓரத்தை விரலால் அழுத்தி, சத்தம் நின்றால் அங்கே இன்னொரு பட்டை. கட்டை 48 முதல் 72 மணி நேரத்துக்குள் மாற்றச் சொன்னார்கள்.

பிற்சேர்க்கை: சத்தத்தால் தூக்கம் வரவில்லை, இரவில் அணைக்கலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். கூடாது. ஒரு நாளில் மொத்தம் 2 மணி நேரத்துக்கு மேல் நின்றால் ஃபோமை எடுத்துவிட்டுச் சாதாரணக் கட்டு போட வேண்டும். மிஷினைத் தலையணைப் பக்கம் வைக்காமல் கால்மாட்டில் வையுங்கள்.

இன்னொருவர் டியூபில் சிவப்பு தெரிவதாக எழுதினார். இளஞ்சிவப்பாகக் கசிந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். பளிச்சென்ற ரத்தம் ஓடினால் மிஷினை உடனே அணைத்து, கட்டைப் பிரிக்காமல் அப்படியே அழுத்திப் பிடித்துக்கொண்டு அவசர உதவியை அழையுங்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு இந்த ஆபத்து அதிகம்.