மோட்டார் (பைக்) எஞ்சினுக்குள்ள நட்டு விழுந்துருச்சா? கிக் அடிக்கிறதுக்கு முன்னாடி இத படிங்க

எங்க ஊரு மலேசியா சிலாங்கூர்ல இருக்குற பெஸ்தாரி ஜெயா. 2007ல பேரு மாத்திட்டாங்க, ஆனா தோட்டத்து பெரியவங்க இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைன்னுதான் சொல்லுவாங்க. இங்க வீட்டுக்கு வீடு ஒரு ஹோண்டா ஈஎக்ஸ்ஃபைவோ வேவோ நிக்கும், ஞாயித்துக்கிழமை ஆனா வாசல்ல உக்காந்து பிளக் கழட்டுறது, டேப்பட் (வால்வு இடைவெளி) பாக்குறது, மினியாக் ஹித்தாம் (எஞ்சின் ஆயில்) மாத்துறது எல்லாம் நம்மளே செஞ்சிக்குவோம். நல்ல விஷயந்தான். ஆனா ஒரு சின்ன நட்டு கைய விட்டு நழுவி உள்ள போனதும் நெறைய பேரு செய்யறது என்னன்னா, மோட்டார பிடிச்சி ஆட்டுவாங்க, கெடைக்கலன்னா “எங்கயாச்சும் வெளிய விழுந்துருக்கும் லா”ன்னு சொல்லிட்டு மூடி கிக் அடிச்சிருவாங்க. எஞ்சின் சாகுறது அங்கதான். நட்டு சில காசு, சிலிண்டர் ஹெட்டும் வால்வும் போனா எவ்வளவு ஆவும்னு பெங்கெல்ல (மோட்டார் பட்டறையில) கேட்டு பாருங்க.

அதனால விழுந்த அந்த நிமிஷமே கைய எடுத்துருங்க. சாவிய உருவுங்க. கிக்க தொடாதீங்க, கியர்ல போட்டு தள்ளாதீங்க, எடது கவருக்குள்ள கிராங்க்கோட சுத்துற மேக்னட் வீலையும் கையால சுத்தாதீங்க. காத்து அடிக்கவே கூடாது, ஏன்னா கண்ணுக்கு தெரியற எடத்துல கெடக்குற நட்ட கம்ப்ரஸர் காத்து இன்னும் ஆழத்துக்கு தள்ளிடும். எந்த பக்கம் விழுந்துச்சு, சத்தம் ஒரு தடவ கேட்டுச்சா ரெண்டு மூணு தடவ தட்டிக்கிட்டு போச்சா, இத ஞாபகம் இருக்கும்போதே யோசிச்சி வச்சிக்குங்க.

அடுத்து, உண்மையிலேயே உள்ளதான் போச்சான்னு பாக்கணும். போன் டார்ச்ச சிமெண்டு தரையில படுக்க வச்சி அடிங்க, சின்ன வாஷருக்கு கூட நீளமா நெழல் விழும், டக்குன்னு கண்ல படும். எஞ்சின் ஃபின் இடுக்கு, செயின் கவர், லெக்‌ஷீல்ட் உள்பக்கம், ஸ்விங் ஆர்ம் மேல, இதெல்லாம் விரல் விட்டு தடவி பாத்துருங்க. நான் சொல்றது என்னன்னா, வெளிய கெடச்சா சந்தோஷம், ஆனா கெடைக்காத வரைக்கும் அது உள்ளதான் இருக்குன்னு வச்சிக்கிட்டுதான் வேல செய்யணும்.

என்ன உலோகம்னு தெரியாம காந்தம் விட்டு நேரத்த வீணாக்காதீங்க. அதே மாதிரி இன்னொரு நட்டு இல்ல ஸ்க்ரூ மோட்டார்லயே இருக்கும், அதுல காந்தத்த வச்சி பாருங்க. சாதா இரும்பு ஒட்டும், பிஸ்டன் கிளிப் ஒட்டும். கார்ப்பரேட்டர் ஜெட் பித்தளை, ஒட்டாது. ட்ரெயின் போல்ட்டுல (ஆயில் எறக்குற போல்ட்டு) வர்ற அலுமினியம் வாஷர் ஒட்டாது. அழகுக்கு போடுற ஸ்டெயின்லெஸ் போல்ட்டும் பெரும்பாலும் ஒட்டாது, ஒட்டுனாலும் லேசாத்தான்.

காந்தம் ஒட்டுற சாமானா இருந்தா ஆன்டெனா மாதிரி இழுக்குற காந்தக்குச்சி ஹார்ட்வேர் கடையில விலை கம்மி, ஒண்ணு வாங்கி டூல் பாக்ஸ்ல போட்டு வைங்க. இல்லன்னா பழைய ஸ்பீக்கர் காந்தத்த நீள ஸ்க்ரூட்ரைவர் தண்டுல ஒட்ட வச்சா நுனியும் காந்தமாயிரும். இதுல ஒரு தொல்லை, போற வழியில இருக்குற இரும்புலயெல்லாம் நுனி போய் ஒட்டிக்கும், அதனால தண்ட சுத்தி ஸ்ட்ரா மாட்டி, நுனி மட்டும் வெளிய தெரியற மாதிரி விடுங்க. ஒட்டாத சாமானுக்கு நான் நம்புறது லிடி (தென்னை ஈர்க்கு) வெளக்கமாத்து குச்சி, நல்லா வளையற குச்சியா ஒண்ணு எடுத்து நுனியில கெட்டி கிரீஸ் உருண்டைய வச்சி தொட்டு தூக்குறது. உலோகத்த கீறாது. ஆனா காஞ்சி போன குச்சி உள்ள ஒடிஞ்சிரும், அத தொடாதீங்க.

இப்ப டேப்பட் மூடி ஓட்ட, இதுலதான் அதிகமா விழுது. ஈஎக்ஸ்ஃபைவ், வேவ் மாதிரி கப்சாய்ல (சின்ன பைக்ல) சிலிண்டர் கிட்டத்தட்ட படுத்துதான் இருக்கும். இன்டேக் டேப்பட் மேல, எக்ஸாஸ்ட் டேப்பட் கீழ. மேல இருந்து லாக் நட்டு விழுந்தா அது ஹெட்டுக்குள்ளயே கீழ்பக்கம் உருண்டு கெடக்க நல்ல வாய்ப்பு இருக்கு. ஆனா டைமிங் செயின் ஓடுற பொந்து எடது பக்கம். அதுல எறங்கிடுச்சின்னா நேரா பின்னாடி கிராங்க்கேஸ் (எஞ்சின் அடிக்கூடு) பக்கம் போயிரும். இதனாலதான் சைடு ஸ்டேண்ட் போடாதீங்கன்னு சொல்றேன், போட்டா மோட்டார் எடது பக்கம் சாயும், நட்டும் அந்த பொந்து பக்கமே உருளும். டபுள் ஸ்டேண்ட் போடுங்க, பின் சக்கரம் தூக்கி முன்பக்கம் எறங்கி இருக்கட்டும், ஒரு ஆள விட்டு லேசா வலது பக்கம் சாச்சி பிடிக்க சொல்லுங்க. அப்புறம் கீழ ஒரு தட்டு வச்சிட்டு எக்ஸாஸ்ட் பக்க மூடிய மெதுவா கழட்டுங்க. கொஞ்சம் ஆயிலோட சில நேரம் நட்டும் சேந்தே வந்து விழும். வரலன்னா அந்த ஓட்ட வழியா காந்தத்த விட்டு ஓரமெல்லாம் தடவுங்க. பொந்துல எறங்கிருச்சின்னு தெரிஞ்சா எடது கவர கழட்டித்தான் ஆவணும். அங்க மேக்னட் வீல் இருக்கு, இரும்பு சாமான் எதுவா இருந்தாலும் அதுலயே போய் ஒட்டிக்கும், மூடுறதுக்கு முன்னாடி அத சுத்தி ஒரு தடவ டார்ச் அடிச்சி பாருங்க, ஒரு வாஷர் ஒட்டியிருந்தா கூட காயில் கம்பிச்சுருள அரைச்சிரும். டைமிங் செயினுக்கும் பல்லுக்கும் நடுவுல நட்டு மாட்டி செயின் ஒரு பல்லு தாண்டுனாலும் டைமிங் கெட்டுரும், ரொம்ப தாண்டுனா வால்வு பிஸ்டன்ல போய் அடிக்கும், அதுக்குத்தான் இவ்வளவு கத்துறேன்.

பிளக் ஓட்டைக்குள்ள விழுறது இன்னொண்ணு. போன்ல சொருகுற எண்டோஸ்கோப் கேமரா ஆன்லைன்ல விக்குது, பழைய ஈஎக்ஸ்ஃபைவ் பிளக் ஓட்ட 10 மில்லிமீட்டர், அதனால 5.5 மில்லிமீட்டர் கேமரா வாங்குனா உள்ள போகும். முதல்ல பாருங்க, அப்புறம் எடுங்க. மண்ணு, பிளக் பீங்கான் தூளு மாதிரி சாமானுக்கு வேக்குவம் வாயில ஸ்ட்ராவ டேப் சுத்தி ஒட்டி உறிஞ்சி எடுக்கலாம். பீங்கான் ரொம்ப கெட்டி, ஒரு துண்டு மிச்சம் இருந்தாலும் சிலிண்டர் உள்சுவர கீறிடும், அதனால ஒடஞ்ச பிளக்க பக்கத்துல வச்சி எல்லா துண்டும் வந்துருச்சான்னு சேத்து பாருங்க. வரலன்னா ஹெட்ட தூக்கணும், குறுக்கு வழி கெடையாது.

வேக்குவம் பெட்ரோல் டேங்க் பக்கமே போகக்கூடாது. வேக்குவம் உள்ள இருக்குற மின் மோட்டார்ல பொறி பறக்கும், பெட்ரோல் ஆவி தீப்பிடிக்கும். டேங்க்ல ஏதாச்சும் விழுந்துச்சின்னா பெட்ரோல வெளிய காத்தோட்டமா இருக்குற எடத்துல எறக்கி, டேங்க கழட்டி கவுத்து எடுங்க. சிகரெட் பக்கத்துல வேணாம்.

ஆயில் ஊத்துற ஓட்டையில விழுந்தா ட்ரெயின் போல்ட்டு, 17 ஸ்பானர், அத கழட்டி ஆயில ஒரு பழைய வடிகட்டி வழியா எறக்குங்க. சின்ன சாமான்னா கூடவே வந்துரலாம், இல்லன்னா அந்த ஓட்ட வழியா காந்தத்த விட்டு தேடுங்க. அப்பவும் வரலன்னா வலது பக்க கிளட்ச் கவர் கழட்டணும், கேஸ்கெட் புதுசு வாங்கி வச்சிட்டு ஆரம்பிங்க.

கார்ப்பரேட்டர் கழட்டுனா மேனிஃபோல்ட் (எஞ்சினுக்குள்ள போற குழாய்) வாயில உடனே துணி அடைச்சிருங்க. சிலிண்டர் பிளாக் தூக்குனா பிஸ்டன் கிளிப் கழட்டுறதுக்கு முன்னாடியே கிராங்க்கேஸ் வாய முழுக்க துணியால மூடுங்க, யமஹா ஆர்எக்ஸ்ஸட் மாதிரி டூ ஸ்ட்ரோக் வச்சிருக்குறவங்களுக்கு இது ரொம்ப முக்கியம். நூல் பிரியாத துணியா பாத்து எடுங்க. ஸ்பிரிங் வச்ச சாமான் எதுவா இருந்தாலும் பெரிய பிளாஸ்டிக் பைக்குள்ள கைய விட்டு கழட்டுனா பறந்தாலும் பைக்குள்ளயேதான் கெடக்கும்.

எடுத்த சாமான துடைச்சி ஒட்டு மொத்தமா முழுசா இருக்கான்னு பாருங்க, மூலை ஒடஞ்சிருந்தா அந்த துண்டும் உள்ளதான் இருக்கு.

எல்லாம் செஞ்சும் கெடைக்கலன்னா பெங்கெலுக்கு தள்ளிட்டு போகாதீங்க. நியூட்ரல்ல இருந்தாலும் பின் சக்கரம் சுத்துனா செயின் வழியா கியர்பாக்ஸ்ல ஒரு தண்டு சுத்தும், நட்டு அங்க இருந்தா மாட்டிக்கும். பிக்கப்போ வேனோ கேட்டு ஏத்துங்க, முடியலன்னா செயின கழட்டிட்டு தள்ளுங்க. போகும்போது அதே மாதிரி இன்னொரு நட்ட கையில எடுத்துட்டு போயி, “இதுதான் விழுந்துச்சு, இந்த ஓட்டையில, அதுக்கப்புறம் எஞ்சின சுத்தவே இல்ல”ன்னு தவுக்கேகிட்ட (பட்டறை மொதலாளிகிட்ட) சொல்லுங்க, அவருக்கு எங்க ஆரம்பிக்கணும்னு உடனே தெரிஞ்சிரும்.